உயிரணு உலகை ஆண்ட மேதை விர்ச்சோ

காவலரே சில வேளை கள்வருக்குத் துணைபோவதுண்டு. நம் உடலிலும் அப்படி நிகழ்கிறது. அதை அறிய வழிதிறந்தவர் ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ச்சோ. விலங்கியல் மாணவனாகிய எனக்கு அவர் வாழ்வு வெறும் பாடமன்று, ஓர் எச்சரிக்கை.

1821ஆம் ஆண்டு பொமரேனியாவில் பிறந்த அவர், 1843இல் பெர்லினில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1848இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அதை ஆராய அரசு அவரை அனுப்பியது. வறுமையும் கல்லாமையுமே நோயின் வேர் என அஞ்சாது எழுதினார். அவ்வாண்டுப் புரட்சியிலும் பங்குகொண்டார். அதனால் பெர்லினை விட்டு வூர்ட்ஸ்பர்க் செல்ல நேர்ந்தது. 1856இல் பெர்லினே அவரைத் திரும்ப அழைத்தது. உயிரணு உயிரணுவிலிருந்தே தோன்றும், நோயின் இருப்பிடமும் அதுவே என்பதை 1858இல் நூலாக்கி நிலைநாட்டினார்.

1863இல் புற்றுத் திசுவினுள் வெள்ளையணுக்கள் இருப்பதைச் சுட்டினார். நாள்பட்ட அழற்சி உள்ள இடத்தில் புற்று முளைக்கிறது என்பது அவர் கருத்து. நெடுங்காலம் பெரிதாகப் பேசப்படாத அக்கருத்தை இன்றைய அறிவியல் விரித்துரைக்கிறது. வெள்ளையணுக்களில் சில, நெறிதவறிய உயிரணுவைத் தொடக்கத்திலேயே இனங்கண்டு கொல்கின்றன. வேறு சில, புண் ஆறுவதற்காக வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து புது இரத்தக் குழாய்கள் தோன்ற உதவுகின்றன. புண் ஆறிவிட்டால் அவற்றின் பணி முடிந்தது. ஆறாவிட்டாலோ அந்த உதவி ஓயாமல் தொடர்கிறது. அருகில் முளைவிடும் புற்றணுவுக்கும் அதுவே உரமாகிறது. காவலரின் கைக்கட்டை அவிழ்த்துப் புற்றை எதிர்க்கச் செய்யும் சிகிச்சைக்கு வழிகண்ட ஆலிசன், ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிட்டியது.

ஆய்வுக்கூடத்தோடு விர்ச்சோ நின்றாரல்லர். நகர மன்றத்தில் அமர்ந்து பெர்லினுக்குக் கழிவுநீர்க் கால்வாய்கள் அமையப் பாடுபட்டார். பிரஷ்ய நாடாளுமன்றத்தில் பிஸ்மார்க்கை எதிர்த்து நின்றார். 1902இல் தம் எண்பதாம் வயதில் மறைந்தார்.

அவரை எண்ணும்போதெல்லாம் எங்கள் ராயபுரம் என் கண்முன் நிற்கிறது. பனியன் கம்பெனி இரவு வேலையில் தூக்கத்தை விரட்டப் புகையிலையைக் கன்னத்தில் அடக்குவோர் இங்கும் உண்டு. பின்னலில் ஒரு கண்ணி விட்டாலே இயந்திரத்தை நிறுத்தும் அவர்கள், வாய்ப்புண்ணை மட்டும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கின்றனர். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகையிலையை அன்றே விட வேண்டும். நண்பர்களே, கற்ற நாம் இதை அவர்களிடம் எடுத்துச் சொல்வதே விர்ச்சோவுக்குச் செய்யும் சிறப்பாகும்.