குருதியில் மருந்து கண்ட பெரிங்

நிக்டியிலிருந்து பழைய மும்பைச் சாலையில் புனே நோக்கிச் சென்றால் பிம்பிரி வரும். அங்கே ஹாஃப்கின் உயிர்மருந்து நிறுவனத்தின் பிரிவு ஒன்று உண்டு. குதிரைக் குருதியிலிருந்து பாம்புக்கடி மருந்து எடுப்பதற்குப் பெயர் பெற்றது அது. குதிரையின் குருதி மனிதனைக் காப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடினால் எமில் பெரிங்கின் வாழ்வில் போய் நிற்போம்.

1854-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் பிரஷ்யச் சிற்றூரான ஹான்ஸ்டார்ஃபில் பெரிங் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர்; பிள்ளைகளோ பதின்மூவர். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வீட்டில் பொருளில்லை. படித்தபின் படையில் பணிபுரிவதாக ஒப்பி, 1874-இல் பெர்லின் படை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உதவித்தொகையை நம்பி ஊர் கடந்து வந்திருக்கும் நமக்கு இந்நிலை புதிதன்று.

அந்நாளில் தொண்டை அடைப்பான் நோய் குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பெரிங் அந்நோயை ஆராய்ந்தார். ஜப்பானியரான கிதசாட்டோ இரணஜன்னியை ஆராய்ந்தார். நோய் எதிர்க்கப் பழக்கிய விலங்கின் குருதியை உறையவைத்து, தெளிந்த சீரத்தை மற்றொரு விலங்குக்கு ஏற்றினர். நஞ்சு அதனை வெல்லவில்லை! 1890 டிசம்பரில் இருவரும் சேர்ந்து இதனை வெளியிட்டனர்.

எனினும் சீரத்தின் வலிமை ஒருநாள் போல் மறுநாள் இல்லை. அதை அளந்து சீராக்கியவர் பால் எர்லிக். 1894-இல் பாரிஸில் குதிரைச் சீரம் கொண்டு குழந்தைகளைக் காத்தவர் ரூ. ஆனால் 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங் ஒருவருக்கே கிடைத்தது. கிதசாட்டோவுக்குப் பங்கில்லை. எர்லிக்கோடு இருந்த நட்பும் கசந்தது.

விந்தை என்னவெனில், குருதியில் காப்பது எப்பொருள் என்று அறியாமலே 1917-இல் பெரிங் மறைந்தார். 1939-இல்தான் டிசேலியசும் கபாட்டும் மின்புலத்தில் குருதிப் புரதங்களைப் பிரித்து, எதிர்ப்பொருள் காமா குளோபுலின் பகுதியில் இருப்பதைக் காட்டினர். இம்யூனோகுளோபுலின் என இன்று நாம் அழைக்கும் இப்புரதங்கள் ஐந்து வகை. நஞ்சைப் பற்றிப் பிடித்து அதன் வேலையைத் தடுப்பவை இவை. இரவல் காப்பு ஆதலால் சில வாரங்களில் தேய்ந்துவிடும். ஆயினும் உயிர் ஊசலாடும் வேளையில் உடனே கைகொடுக்கும். வெறிநாய்க்கடிக்கு ஊசி போடுகையில் ஆழ்ந்த காயத்தில் இதனையும் செலுத்துவது அதனாலேயே.

நம் செங்கற்பட்டுக் கடற்கரையில் உள்ள வடநெம்மேலியில் 1978-இல் பதிவான இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்பு நஞ்சு எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு அளித்து வருகிறது. இருளர் கை, குதிரையின் குருதி, வேதியியலார் திறம்: மூன்றும் கூடினால்தான் மருந்து.

பெரிங் பெரியவர், ஐயமில்லை. ஆயினும் அவர் தனியே நின்று பெரியவரானாரல்லர். தோழர்களே, நாளை நம் ஆய்வுக் கட்டுரையில் பெயர் எழுதும்போது, உடன் உழைத்த ஒருவரையும் விட்டுவிடாதிருப்போம்.