உதவிச் செயலாளர் வ.உ.சி.

நம் ஜமாஅத்களிலும் சங்கங்களிலும் தேர்தல் வந்தால் தலைவர் நாற்காலிக்குத்தான் போட்டி. தூத்துக்குடியில் கப்பலோட்டிய வ.உ.சிதம்பரனார் வகித்த பதவி எது தெரியுமா? உதவிச் செயலாளர்!

1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். ஊர் ஊராக அலைந்தவர் வ.உ.சி.தான். ஆனால் தலைவர் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட். சேட் ஒருவரே 8,000 பங்குகளுக்கு 2 லட்ச ரூபாய் கொடுத்தவர். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1907ல் கேலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் வ.உ.சி. முன்னின்றார். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். பதவிகள் பகிரப்பட்ட அளவுக்குப் பாரம் பகிரப்படவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. 1908 மார்ச் 12ல் அவர் கைதானார். அவர் சிறையில் செக்கிழுத்தபோது, வெளியே அவரைப்போல் ஓடியாட ஆளில்லை. வெள்ளையர் கம்பெனியின் கட்டணக் குறைப்பும் அதிகாரிகளின் நெருக்கடியும் வேறு. 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வந்தபோது கப்பல் எதுவும் மிச்சமில்லை.