நெஞ்சின் ஒலி கேட்ட வைத்தியமேதை ரெனே லாயனெக்

விலா என்புகள் சூழ, பிரிமென்றகடு அடித்தளமாக அமைய, நுரையீரல்களையும் இதயத்தையும் தன்னகத்தே காத்து நிற்பது நெஞ்சறை. அதனுள்ளே பற்றிய நோய் யாதென நோயாளி உயிரோடிருக்கும்போதே அறிதல் பண்டை வைத்தியர்க்குப் பெரிதும் அரிதாயிருந்தது. மூடிய அவ்வறையைக் காதினால் ஆராய வழி கண்டவர் பிரான்சு தேசத்து வைத்தியமேதை ரெனே லாயனெக் ஆவார்.

இவர் பிரித்தானிப் பகுதியிலுள்ள கெம்பேர் நகரில் 1781ஆம் ஆண்டு பெப்ருவரி 17ஆந் திகதி பிறந்தார். இளமையில் அன்னையை இழந்து, நாந்து நகரில் வைத்தியராயிருந்த தந்தையின் சகோதரரிடம் வளர்ந்தார். 1801இல் பாரிசு சென்று கொர்விசாரிடம் மருத்துவம் பயின்றார். நெஞ்சை விரலாற்றட்டி நோயறியும் முறையை வியன்னா வைத்தியர் அவுன்புருகர் 1761இலேயே வெளியிட்டிருந்தார். மறக்கப்பட்டுக் கிடந்த அந்நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வாழ்வித்தவர் கொர்விசாரே.

1816இல் நெக்கர் வைத்தியசாலையில் இதயநோய்க் குறிகளுடைய இளம்பெண்ணொருத்தியை லாயனெக் பரிசோதிக்க நேர்ந்தது. உடல் பருத்திருந்தமையால் தட்டிப் பார்த்தல் பயன்படவில்லை; மார்பிற் காது வைத்துக் கேட்டலோ முறையன்று. மரக்கட்டையின் ஒரு முனையிற் கீறும் ஒலி மறுமுனையிற் றெளிவாகக் கேட்கும் என்பது அவர் நினைவுக்கு வந்தது. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி மார்பில் வைத்தார். இதயவொலி முன்னெப்போதினுந் தெளிவாகக் கேட்டது. பின்னர் மரத்தைக் கடைந்து தாமே குழல்கள் செய்தார். ஸ்தெதஸ்கோப்பு பிறந்த வரலாறு இதுவே.

கருவியினும் பெரிது அவர் கைக்கொண்ட முறை. உயிருள்ளபோது கேட்ட ஒலியை, இறந்தபின் உடலைப் பிளந்து கண்ட மாற்றத்தோடு ஒப்பிட்டார். புடைச்சவ்வுகளிடையே நீர் தேங்கின், தட்டுமிடம் மந்தமாக ஒலிக்கும்; மூச்சொலியுங் குன்றும். அங்கே காற்றுப் புகுந்திருப்பின், தட்டும்போது வெற்றுப் பானைபோல் முழங்கும்; மூச்சொலியோ கேளாது. தட்டுதல் ஒன்றையே நம்புபவர் ஈண்டு ஏமாறுவர். நியூமோனியாவின் தொடக்கத்தில் நுண்ணிய பொரியலொலி எழும். சயரோகத்தால் நுரையீரலிற் குழி விழுந்தவிடத்து, நோயாளியின் குரல் நெஞ்சிலிருந்தே பேசுவதுபோற் குழல்வழி வரும். இவற்றையெல்லாம் 1819இல் இரு பாகங்கொண்ட நூலாக வெளியிட்டார்.

அரும்பாடுபட்டு அவர் ஆராய்ந்த சயரோகமே அவரையும் பற்றியது. உறவினரான இளம் வைத்தியர் மெரியாதெக், அதே குழலை அவர் மார்பில் வைத்துக் கேட்டு, நோய்க்குறியை உணர்ந்தார். 1826 ஓகஸ்ட் 13ஆந் திகதி, தமது 45ஆவது வயதில், பிரித்தானியிலுள்ள தம் இல்லத்தில் லாயனெக் காலமானார். தமது குழலை மெரியாதெக்குக்கே உரிமையாக்கிச் சென்றார்.

சயரோகக் கிருமியைக் கோக் 1882இல் அறிவித்தார்; அதனை வெல்லும் ஸ்ரெப்ரோமைசின் 1943இலேதான் கண்டறியப்பட்டது. தீர்க்கவியலாத நோயென்று தெரிந்தும் அதனைச் செவ்வனே அறிய முயன்றார் லாயனெக். அறிவு முந்த, மருந்து பின்வந்தது. கதிர்ப்படங்கள் மலிந்த இந்நாளிலும் வைத்தியர் நோயாளியின் நெஞ்சிற் கருவியை வைத்துச் செவிசாய்க்கும்போதெல்லாம் அப்பெருமகனார் தொடங்கிய பணி தொடர்கின்றது. பொறுமையோடு கேட்டலுங் கல்வியே என்பதை மாணவர் அவர்பாற் கற்பாராக.