உறுதியின் உறைவிடம்

மேற்கொண்ட செயலை இடையில் கைவிடாது முடிக்கும் உறுதியை நாம் உள்ளத்தின் பண்பு என்கிறோம். அப்பண்பு மூளையையும் சார்ந்தது என்பதை அறிஞர் உணர்வதற்கு ஓர் எளிய தொழிலாளியின் வாழ்வு துணைசெய்தது. அவர் பெயர் பினியஸ் கேஜ்.

கேஜ் 1823ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்தில் பிறந்தார். 25 வயதிலேயே இருப்புப்பாதை அமைக்கும் தொழிலாளர்க்கு மேஸ்திரியாக விளங்கினார். எண்ணியதை முடிக்கும்வரை ஓயாதவர் என்று அவரை அறிந்தோர் போற்றினர்.

1848 செப்டம்பர் 13ஆம் நாள், வெர்மாண்ட் மாநிலத்துக் காவண்டிஷ் என்னும் ஊரருகே, பாறைத் துளையிலிட்ட வெடிமருந்தை அவர் இருப்புக்கோலால் இடிக்கையில் மருந்து திடீரென வெடித்தது. 3 அடி 7 அங்குல நீளமும் 13¼ பவுண்டு எடையும் உடைய அக்கோல், அவரது இடக்கன்னத்தில் நுழைந்து, மூளையின் முன்மடலைத் துளைத்து, உச்சியைப் பிளந்துகொண்டு வெளியேறியது. ஆயினும் சில நிமிடங்களில் அவர் பேசினார், துணைகொண்டு நடந்தார். ஜான் மார்ட்டின் ஹார்லோ என்னும் மருத்துவரின் அரிய பணியால் உயிர் பிழைத்தார். இடக்கண் மட்டும் பார்வை இழந்தது.

உடல் தேறிற்று, இயல்போ மாறிற்று. பேச்சும் நினைவும் நிலைத்திருந்தன. ஆனால், பல திட்டங்களை வகுப்பார். வகுத்த உடனே அவற்றைக் கைவிட்டு வேறொன்றை நாடுவார். பிடிவாதம் மிகுந்தது, நிலையான உறுதி குன்றியது. முதலாளிகள் பழைய வேலையைத் தர இசையவில்லை. இம்மாற்றத்தை ஹார்லோ 1868இல் விரிவாக எழுதி வெளியிட்டார்.

கேஜ் சோர்ந்து முடங்கிவிடவில்லை. 1852இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டிற்குச் சென்று, பயணிகள் ஏறும் குதிரை வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டினார். குதிரைகளைப் பேணுதல், குறித்த பொழுதில் புறப்படுதல், கரடுமுரடான பாதையில் கருத்தூன்றிச் செல்லுதல் ஆகிய நாள்தோறும் மாறா ஒழுங்கே அவர் இழந்த உறுதியை ஓரளவு மீட்டுத் தந்திருக்கலாம் என இக்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். 1859இல் உடல் நலிந்து சான்பிரான்சிஸ்கோவில் இருந்த தாயிடம் சேர்ந்தார். 1860 மே மாதத்தில் வலிப்பு நோயால் இறந்தார். அவரது மண்டையோடும் அக்கோலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் காக்கப்பட்டு வருகின்றன.

தொலைவிலுள்ள குறிக்கோளை நினைவில் நிறுத்தவும், உழைப்பையும் அதன் பயனையும் சீர்தூக்கவும், இடையில் எழும் ஆசைகளை அடக்கவும் மூளையின் முன்மடல் உதவுகிறது என்று இன்று அறிகிறோம். அம்மடல் இருபது வயதைக் கடந்தும் முதிர்ச்சி பெற்று வருகிறது. ஆதலின், தொடங்கியதை முடிக்கும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே பயிலுதல் நன்றாம்.