கழற்றிப் பார்த்த மேதை ஜி.டி. நாயுடு



விஞ்ஞானி என்றதும் நமக்கு எடிசன், நியூட்டன் என்று வெளிநாட்டுப் பெயர்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் அரை நாளில் போய்ச் சேருகிற கோயம்புத்தூரில் ஒரு மேதை வாழ்ந்தார். அவர்தான் ஜி.டி. நாயுடு. அவரைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க சித்தப்பா பல வருஷம் அடுத்தவங்க வண்டியில் ஆபரேட்டராக இருந்தவர். போன வருஷம் கடன் வாங்கி, பழைய எக்ஸ்கவேட்டர் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். ரெண்டாம் மாசமே மானிட்டரில் கம்யூனிகேஷன் எரர் வந்துவிட்டது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் ரேஸ் ஆகாது. பார்க்க வந்த மெக்கானிக் கன்ட்ரோலர் போயிடுச்சு என்றார். வட்டிக்குப் பணம் வாங்கி அதையும் மாற்றியாச்சு. எரர் மட்டும் போகல. வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தாங்க. எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். படிக்கிற பையனுக்குத் தெரியாமலா இருக்கும் என்கிற நினைப்பு அவங்களுக்கு. எனக்கோ பரீட்சையில் எழுதத்தான் தெரியும். வண்டியில் கை வைக்கப் பயம். அந்த நேரத்தில்தான் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையைப் படித்தேன்.

கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில், 1893 மார்ச் 23-ஆம் தேதி, விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். துரைசாமி என்பது பெயர். பள்ளிப் படிப்பு சின்ன வயசிலேயே நின்றுவிட்டது. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்த்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் வண்டி தானாக எப்படி ஓடுகிறது? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். மூன்று வருஷம் காசு சேர்த்து அதே மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஏறி ஊரைச் சுற்றியிருப்போம்! அவர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றினார். எந்தப் பாகம் எதற்கு, எது கெட்டால் எது நிற்கும் என்று பார்த்துப் பார்த்துத் திரும்ப மாட்டினார். அந்தப் பழைய வண்டிதான் அவருக்குப் புத்தகமாக இருந்தது.

அடுத்து பஞ்சு வியாபாரம் செய்து நஷ்டப்பட்டார். ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் அவரது திறமையை நம்பி உதவினார். 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழிலை ஆரம்பித்தார். டிரைவரும் அவரே! இன்று பழனி நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஒரு பஸ்தான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாயிற்று. நண்பர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சினில் உள்ள குறைகளையும் தேய்மானத்தையும் அதிர்வை வைத்துக் கண்டுபிடிக்க அவர் ஒரு சோதனைக் கருவியையே உருவாக்கினார். கோளாறை ஊகித்துச் சொல்ல அவர் விரும்பவில்லை. சோதித்துத் தெரிந்துகொள்ள விரும்பினார்.

1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைத் தயாரித்தார். பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேசர், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று வரிசையாகச் செய்தார். 1952-இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் கார் ஒன்றையும் உருவாக்கினார். அரசாங்கத்தின் லைசென்ஸ் கிடைக்காததால் அந்தத் திட்டம் நின்றுபோனது. தோல்விகள் அவருக்கும் வந்தன.

நமக்கு அவர் சொந்தக்காரர் போல என்றும் சொல்லலாம். 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றக் காரணமாக இருந்தவர் அவர். இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். பல வருஷம் உட்கார்ந்து படிப்பதைவிட, குறுகிய காலத்தில் கையால் செய்து கற்பதே மேல் என்பது அவர் கொள்கை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. முதல்வர் பதவியையே விட்டு விலகினார்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு சித்தப்பா வண்டியிடம் போனேன்.

இந்தக் கால எக்ஸ்கவேட்டர்களில் எஞ்சின் கன்ட்ரோலர், பம்ப் கன்ட்ரோலர், மானிட்டர் எல்லாம் முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. கேன் பஸ் என்று சொல்வார்கள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் இதை வெளியிட்டது. இந்த இணைப்பின் இரண்டு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயர்களுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன.

எங்க வண்டியில் 120 காட்டியது! மானிட்டர் பக்கக் கனெக்டரைக் கழற்றினேன். அளவு மாறவே இல்லை. அப்படியானால் மீட்டருக்குத் தெரிவது எஞ்சின் பக்கத்து ரெசிஸ்டர் மட்டும்தான். மானிட்டருக்குப் போகும் வழியில் ஒயர் அறுந்திருக்கிறது. கேபின் தரையைத் திறந்து ஒயரைத் தடவிக்கொண்டே போனோம். இரும்புக் கிளாம்ப் ஒன்றின் விளிம்பில் உரசி உரசி ஒரு ஒயர் அறுந்து கிடந்தது. சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, கிளாம்புக்கு ரப்பர் வைத்தோம். மறுபடி அளந்தால் 60. சாவியைத் திருப்பினார் சித்தப்பா. எரர் இல்லை, எஞ்சின் ரேஸ் ஆனது!

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசல. கன்ட்ரோலருக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. அதற்கான வட்டி இன்றும் போய்க்கொண்டிருக்கிறது. முதல் நாளே அளந்து பார்த்திருந்தால் அந்தக் கடனே வந்திருக்காது என்பதுதான் என் வருத்தம்.

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார். 2025-இல் திறக்கப்பட்ட கோவை அவினாசி சாலை மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் கழற்றிப் பார்த்த காலத்தில் இந்தக் கேன் பஸ் எல்லாம் கிடையாது. ஆனால் முறை ஒன்றுதான். நல்ல நிலையில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது எப்படி இருக்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் எதையும் மாற்ற வேண்டும்.

நண்பர்களே! நாளை நம்மை நம்பி வண்டியைக் கொண்டு வருகிறவர்களும் கடன் வாங்கித்தான் வாங்கியிருப்பார்கள். பயத்தை விடுவோம்! கழற்றிப் பார்ப்போம்! அளந்து சொல்வோம்!