எலும்புக் கல்வியைத் தமிழில் தந்த கிரீன் வைத்தியர்

கல்வி எந்தத் திக்கிலிருந்து வந்தாலும் அதை ஏற்றுக்கொள்வது அறிவுடையோர் வழக்கம். வாணிபத்திற்காகக் கடல் கடந்து வந்து கம்போங் மேடானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடை வைத்து வாழும் சமூகத்தவராகிய நமக்கு இது புதிய பாடமன்று. அவ்வாறே கடல் கடந்து வந்து, வந்த இடத்து மக்களின் மொழியைத் தம் மொழியாக்கிக்கொண்டு, மனித எலும்புகளைப் பற்றிய கல்வியைத் தமிழில் வழங்கிய ஒருவரின் சரிதையை இவ்விதழில் நினைவு கூர்கிறோம். அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன்.

அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். நியூயார்க்கில் 1845-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். 1847-இல் கிறிஸ்தவ மிஷன் ஊழியராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தங்கி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்ததோடு, 1848 முதல் உள்ளூர் இளைஞருக்கு வைத்தியமும் கற்பிக்கலானார். அவர் மார்க்கம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆயினும் நோயாளியின் பாயருகே செய்த சேவை எல்லோருக்கும் பொதுவானதே.

தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடந்தது. ஆங்கிலம் கற்ற மாணாக்கரோ அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போயினர். கிராமத்து நோயாளிக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. இதைக் கண்ட கிரீன் தாமே தமிழைக் கற்றுத் தேர்ந்தார். 1857-இல் தாயகம் சென்று, 1862-இல் திரும்பி வந்தபின், வைத்திய வகுப்பையே தமிழில் நடத்தினார். மாணாக்கர் தம் நாட்டு உடையையும் உணவையும் கைவிட வேண்டியதில்லை என்பதும் அவர் கொள்கை. அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60-க்கு மேற்பட்டவர்.

தமிழில் கற்பிப்பது சொல்வதற்கு எளிது. ஒவ்வோர் எலும்புக்கும், எலும்பின் ஒவ்வொரு முனைக்கும், பள்ளத்திற்கும், மூட்டுக்கும் சொல் வேண்டாமா? முதலில் தமிழிலே தேடுவார். அங்கே கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடுவார். அங்கும் இல்லையெனில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவார். இவ்விதம் கலைச்சொற்களைத் தொகுத்து, மாணாக்கரையும் துணை சேர்த்துப் பல நூல்களை வெளியிட்டார். இலண்டனில் 1858-இல் வெளிவந்த கிரே என்பாரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல், 14 ஆண்டுகளில், 1872-இல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் தமிழில் வந்துவிட்டது.

எலும்பைப் பற்றி அறிய அப்படி என்னதான் இருக்கிறது? பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 300 எலும்புகள் உண்டு. வளர வளரப் பல ஒன்றோடொன்று கூடி, வளர்ந்தவருக்கு 206 ஆகின்றன. தலையிலும் முகத்திலும் உள்ள 22 எலும்புகள் மூளைக்கும் கண்ணுக்கும் கோட்டை. 12 ஜோடி விலா எலும்புகள் இருதயத்திற்கும் நுரையீரலுக்கும் கூடு. தொடை எலும்பு யாவற்றிலும் நீண்டது. காதுக்குள் ஒலியைக் கடத்தும் அங்கவடி எலும்பு யாவற்றிலும் சிறியது.

எலும்பு வெறும் தூணன்று. அதன் உள்ளிருக்கும் செம்மச்சையில்தான் இரத்த அணுக்கள் உற்பத்தியாகின்றன. உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருக்கிறது. இரத்தத்தில் அச்சத்துக் குறையும்போது எலும்பு தன் இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. எடுத்த சரக்கைத் திரும்ப வைக்காத கிடங்கு என்னவாகும் என்பதை வியாபாரிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பாலும் நெத்திலியும் கீரையும், சிறிது வெயிலும், நாள்தோறும் நடையும் அந்தக் கிடங்கை நிரப்பும். காலை முதல் இரவு வரை கல்லாவை விட்டு எழாதவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணால் கண்டு கற்ற எலும்புக் கல்வியில் நம்மவர் பங்கும் உண்டு. பாக்தாதில் 1162-இல் பிறந்த அறிஞர் அப்துல் லத்தீப், எகிப்தைக் கொடிய பஞ்சம் வாட்டிய காலத்தில் அங்கிருந்தார். மடிந்தோரின் மண்டையோடுகளில் 2,000-க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து, கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்று கண்டார். அது இரண்டு எலும்புகளால் ஆனது என்று கிரேக்க மேதை காலன் சொன்னதையே அதுவரை உலகம் நம்பியிருந்தது. கிரீனின் மாணாக்கர் தமிழில் கற்றது, இவ்வாறு பல சமூகத்தார் சேர்த்து வைத்த செல்வமே.

1873-இல் கிரீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியை விடவில்லை. 1884-இல் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கும்படி அவர் விரும்பியிருந்தார். மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை இன்றும் நிற்கிறது. ஆனால் தமிழ்வழி வைத்தியக் கல்வி அவருக்குப்பின் நிலைக்கவில்லை. நூல்கள் இருந்தன, கற்பிக்கவும் கற்கவும் ஆளில்லை.

இந்த நட்டம் நமக்கும் உரியதே. நம் பெரியவர்கள் மருத்துவமனையில் எங்கே வலிக்கிறது என்பதைக் கையால் சுட்டிக் காட்டுகிறார்கள். டாக்டர் கூறும் விளக்கமோ அவர்களுக்கு எட்டுவதில்லை. படித்த பிள்ளைகள் உடன் சென்று, கேட்டதைத் தமிழில் எடுத்துரைப்பார்களாயின், கிரீன் தொடங்கிய பணியில் ஒரு சிறு பங்கை நாமும் செய்தவர்களாவோம்.