கருவிக்கும் களைப்புண்டோ?

மடிக்கணினி வைத்திருக்கும் விடுதி நண்பர்கள் நாள்தோறும் படும் பாடு நாம் அறிந்ததே. கம்பியில்லா இணைப்பு கிட்டவில்லையென்றால் கணினியை அணைத்து மறுபடியும் போடுவார்கள். அதைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரமும் சன்னலோரமும் நடப்பார்கள். குற்றம் அலையை அனுப்பும் பெட்டியிலா, இடையில் நிற்கும் சுவரிலா, அலையை வாங்கும் கணினியிலா என்பதே அவர்களுடைய ஆராய்ச்சி. இதே ஆராய்ச்சியை நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலான காலத்துக்கு முன்னர் பேராசிரியர் ஒருவர் இரவும் பகலும் செய்துகொண்டிருந்தார். அவரும் நம்மைப் போல ஓர் அரசுக் கல்லூரியைச் சேர்ந்தவரே. அவர்தாம் ஜகதீச சந்திர போஸ்.

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசமாக விளங்கும் கிழக்கு வங்கத்தில் அவர் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் அரசாங்கத்தில் துணை நீதிபதி. அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதே அன்றைய வழக்கம். அவரோ மகனை முதலில் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். தந்தையின் பணியாளர் மகனும் மீனவர் மகனும் அங்கே சிறுவன் ஜகதீசனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தனர். பின்னர் கல்கத்தா தூய சவேரியார் கல்லூரியில் லாஃபான் பாதிரியார் செய்து காட்டிய சோதனைகள் அவருக்கு இயற்பியலில் ஆசையை ஊட்டின. மருத்துவம் படிக்க இலண்டன் சென்றார். விடாக் காய்ச்சல் அவரை அந்தப் படிப்பிலிருந்து விரட்டிற்று. கேம்பிரிட்ஜ் சென்று இராலே பிரபுவிடம் இயற்பியல் பயின்றார். அந்தக் காய்ச்சல் வராமலிருந்தால் நமக்கு ஒரு மருத்துவர் கூடியிருப்பார், அவ்வளவுதான்!

1885இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார். வேலை ஒன்று, ஊதியம் இரண்டு என்பது அக்காலத்து நீதி. ஐரோப்பியருக்குக் கிடைத்ததில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. தற்காலிகப் பணி என்பதால் அதிலும் பாதியே போஸுக்கு. அவர் மேலிடத்தோடு சண்டையிடவில்லை, வகுப்புகளையும் புறக்கணிக்கவில்லை. சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். மூன்றாண்டுகள் ஒரு காசும் தொடாமல் பாடம் நடத்தினார். அதுவோ தந்தையின் கடன் கழுத்தை நெரித்த காலம். 1887இல் திருமணமும் நடந்தது. மனைவி அபலா நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதைத் தமிழகத்து மாணவர்களாகிய நாம் பெருமையோடு நினைக்கலாம். உடல்நலக் குறைவால் அவருடைய படிப்பு பாதியில் நின்றது. இறுதியில் அரசு இறங்கி வந்து முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கிற்று. அந்தப் பணம் கடன்காரர்களுக்குப் போயிற்று.

மின்காந்த அலைகள் உண்டென்பதை ஜெர்மானியர் ஹெர்ட்ஸ் 1888இல் மெய்ப்பித்திருந்தார். 1894இல், தமது முப்பத்தாறாம் பிறந்த நாளன்று, இத்துறையிலேயே முனைந்து உழைப்பதென்று போஸ் முடிவு செய்தார். ஆய்வுக்கூடமென்று அவருக்குக் கிடைத்தது குளியலறையை ஒட்டிய ஒரு சிற்றறை. உதவிக்குக் கிடைத்தவர் உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவர். அலை நீளமாக இருந்தால் கருவியும் பெரிதாக வேண்டும்; மேசை மேல் அடங்கவேண்டுமானால் அலையைக் குறுக்கவேண்டும். ஐந்து மில்லிமீட்டர் வரையில் அவர் அதைக் குறுக்கினார். அதே அளவுள்ள அலை இன்றைய கம்பியில்லா இணைப்பு வகைகளுள் ஒன்றிலும் பயன்படுகிறது. சணல் நாரை முறுக்கி ஒரு கருவி செய்தார். பிராட்ஷா என்னும் இரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகளைச் செருகி இன்னொரு கருவி செய்தார். அந்தப் புத்தகத்தை இரயிலைப் பிடிக்கப் புரட்டியவர்கள் பலர்; அலையைப் பிரிக்கப் பயன்படுத்தியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், துணை ஆளுநர் முன்னிலையில், கம்பியின்றியே தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைப் பற்றச் செய்தார். அலை சுவர்களையும் கடந்து சென்றது. மிகக் குறுகிய அலை சுவரைத் தாண்டத் திணறும். எனவே அன்று அவர் அனுப்பியது சற்று நீண்ட அலையாகவே இருந்திருக்க வேண்டும்.

அலையை அனுப்புவதைக் காட்டிலும் வாங்குவதுதான் பெருந்தொல்லை தந்தது. அக்காலத்து வாங்கி என்பது உலோகத் தூள் நிரப்பிய ஒரு கண்ணாடிக் குழாய், கொஹியரர் என்பார்கள். சாதாரணமாக அத்தூளின் வழியே மின்சாரம் எளிதில் பாயாது. அலை வந்து மோதினால் துகள்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ள, மின்சாரம் பாயும். அளவியின் முள் அசையும். அடுத்த அலையை அறியவேண்டுமானால் குழாயைத் தட்டித் துகள்களைப் பிரித்துவிட வேண்டும். காலையில் நன்றாக வேலை செய்யும் குழாய் மாலையில் மௌனம் சாதிக்கும். வங்கத்து வெப்பத்திலும் ஈரத்திலும் உலோகம் துருவேறிப் போவது வேறு.

இந்த இடத்தில் போஸ் காட்டிய முறை நாம் பயிலத்தக்கது. தூளை விலக்கிவிட்டு, சிறு எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கி ஒன்றையொன்று தொட வைத்தார். அவற்றின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி. மின்சாரத்தைச் சீராக்க ஓர் ஏற்பாடு. பிறகு ஒவ்வோர் உலோகமாக மாற்றிப் பார்த்தார். பெரும்பாலானவற்றில் அலை பட்டதும் மின்தடை குறைந்தது. பொட்டாசியத்திலோ கூடிற்று! அப்படியானால், துகள்கள் ஒட்டிக்கொள்வதுதான் காரணம் என்ற பழைய விளக்கம் போதவில்லை என்றாகிறது. தட்டாமலே தானாக மீளும் வாங்கியைப் பற்றி 1899இல் இராயல் கழகத்துக்குக் கட்டுரை அனுப்பினார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைக் கடந்துவந்த சைகையைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்திய பாதரச வாங்கி இதன் வழி வந்ததே என்று பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகின்றனர்.

பழுது பார்க்கும்போதே மற்றொரு விந்தை எதிர்ப்பட்டது. தொடர்ந்து வேலை வாங்கினால் கருவியின் கூர்மை மழுங்கிற்று. சற்று ஓய்வு கொடுத்தால் திரும்பி வந்தது. வேறொருவராயின் கருவி கெட்டுப்போயிற்று என்று மூலையில் எறிந்திருப்பார். போஸ் அதைத் தாளில் வரைகோடாகப் பதிவு செய்தார். களைத்துப்போன தசையின் வரைகோட்டை அது ஒத்திருந்தது! உலோகத்துக்கு நஞ்சும் ஊக்க மருந்தும் கொடுத்துப் பார்த்தார். செடிகளின் பக்கம் திரும்பினார். 1900இல் பாரிஸ் மாநாட்டில் இதை எடுத்துரைத்தார். 1901 ஜூனில் இராயல் கழகத்தில் உடலியல் அறிஞர்கள் எதிர்த்து நின்றனர். இயற்பியலார் தம் எல்லைக்குள் இருக்கட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். கட்டுரை அச்சேறவில்லை. மறு ஆண்டே உயிருள்ளவை, உயிரற்றவை ஆகியவற்றின் துலங்கலைப் பற்றி அவர் நூலாகவே எழுதி வெளியிட்டார். உலோகம் களைக்கிறது என்பதை உயிரின் களைப்போடு அவர் அவ்வளவு நெருக்கமாக இணைத்தது மிகையென்றே எனக்குப் படுகிறது. ஆனால் அந்த மிகையின்றி அவர் தாவரங்களை நாடியிருப்பாரா என்பதும் ஐயமே.

கண்டுபிடிப்பைப் பணமாக்குவதில் அவருக்கு விருப்பமில்லை. நிவேதிதையும் அமெரிக்க அம்மையார் சாரா புல்லும் வற்புறுத்தியதால், கலீனாப் படிகத்தைக் கொண்டு செய்த வாங்கிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதன் வழியே பொருள் ஈட்ட அவர் முயலவில்லை. இதைத் துறவு என்று போற்றுவோர் பலர். மாநிலக் கல்லூரியின் அந்தச் சிற்றறையை நினைக்கும்போது, வந்த பணத்தில் ஒரு நல்ல ஆய்வுக்கூடமாவது முன்னமே எழுந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. 1909இல் கம்பியில்லாத் தந்திக்கான நோபல் பரிசை மார்க்கோனியும் பிரௌனும் பகிர்ந்துகொண்டனர்.

1915இல் ஓய்வு பெற்றார். 1917இல், தமது பிறந்த நாளன்றே, கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் திறந்து வைத்தார். ஒரு காலத்தில் அவருடைய கட்டுரையை அச்சிடாமல் வைத்த இராயல் கழகம் 1920இல் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937 ஜூலையில் மார்க்கோனி மறைந்தார். அதே ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் போஸ் காலமானார். அவர் கையாண்ட கருவிகள் அவருடைய நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.